வெளிவரும் முன்பே வெளியே போன விளையாட்டு

இரண்டு வருடங்களுக்கு முன், ஐப்பசி மழை பிடித்துக்கொண்டிருந்த ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அது. அறந்தாங்கிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டில், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தமிழ் ட்யூஷன் எடுத்துக்கொண்டிருந்தேன். மேசை மேல் கிடந்த ஃபோன் விடாமல் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தால், எங்கள் வேலைக் குழுவில் ஒரே ஒரு வரி: "நம்ம கேம் வெளியே போயிருச்சு."

தமிழ் ட்யூஷன் எடுப்பவளுக்கும் கேமுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

புதுக்கோட்டையில் ஒரு மாடி அறையை வாடகைக்கு எடுத்து, நான்கைந்து பேர் சேர்ந்து ஃபோனில் ஆடும் கேம் ஒன்றைச் செய்துகொண்டிருந்தார்கள். அதை ஆரம்பித்தவர் வெளியூரில் பெரிய கம்பெனியில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி வந்தவர். 'சார்' என்று கூப்பிட்டால் பிடிக்காது. எல்லோருக்கும் அவர் அண்ணன்தான். கேமின் கதை கடலுக்குப் போய்த் திரும்பாத ஒரு விசைப்படகைப் பற்றியது. ஆடுகிறவர் இன்னொரு படகை எடுத்துக்கொண்டு அதைத் தேடிப் போக வேண்டும். கரையில் இருப்பவர்களிடம் பேசிப் பேசித்தான் தடயம் கிடைக்கும். அந்தப் பேச்சையெல்லாம் நம் கடற்கரைப் பேச்சிலேயே எழுத ஓர் ஆள் தேடினார்கள். தெரிந்தவர் மூலம் நான் போய்ச் சேர்ந்தேன். எனக்கு அதுவரை கேம் என்றால் பாம்பு வளர்வதும் மிட்டாயை உடைப்பதும்தான்.

எனக்கும் கடற்கரைப் பேச்சு முழுதாகத் தெரியாது. ஆனால் ஜெகதாப்பட்டினத்தில் எனக்கு ஒரு தோழி இருக்கிறாள். கல்லூரியில் மூன்று வருடம் ஒரே பெஞ்ச். கட்டிக்கொடுத்தது படகில் போகிறவருக்கு. கல்யாணமான அடுத்த வருடம் அவள் வீட்டுக்காரரைக் கடல் எல்லை தாண்டி வந்ததாகச் சொல்லி அந்தப் பக்கத்துக் கடற்படையினர் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். நான்கு மாதம் அந்தப் பக்கத்துச் சிறையில் இருந்துவிட்டு வந்தார். அந்த நான்கு மாதமும் அவள் என்ன சொன்னாள், எப்படி இருந்தாள் என்று கேட்டுக் கேட்டுத்தான் நான் வசனம் எழுதினேன். கேமில் கரையோரம் ஒரு வீட்டு வாசலில் ஒரு பெண் நிற்பாள். "சோத்துல தண்ணி ஊத்தி வச்சிருக்கேன், வந்தோன்ன திங்கச் சொல்லுங்க" என்பாள். அது என் கற்பனை இல்லை. என் தோழி சொன்னது, அப்படியே.

கேம் முக்கால்வாசி முடிந்ததும், ஃபோனில் போட்டுப் பார்க்க ஒரு சோதனைப் பதிப்பை எனக்கு அனுப்பினார்கள். யாரிடமும் காட்டக் கூடாது என்று ஒரு தாளில் கையெழுத்தும் வாங்கியிருந்தார்கள். ஆனால் பேச்சு சரியாக வந்திருக்கிறதா என்று கடற்கரையில் இருக்கிற ஒருத்தி பார்த்துச் சொன்னால்தானே தெரியும்? தோழிக்கு அனுப்பிவிட்டேன். யாருக்கும் கொடுக்காதே என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவள் யாருக்குக் கொடுக்கப் போகிறாள் என்ற நினைப்பு.

அவள் அதைக் கொஞ்சம் ஆடிப் பார்த்து, வீடியோ எடுத்து, 'என் ஃப்ரெண்டு எழுதின கேம்' என்று வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்திருக்கிறாள். பார்த்த சொந்தக்காரர்கள் கேட்டார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் சந்தோஷமாக அனுப்பியிருக்கிறாள். அதில் யாரோ ஒருவர் கேம் ஆடுகிறவர்களின் குழுவில் போட்டுவிட்டார். ஒரே நாளில் எங்கெங்கோ போய்விட்டது.

இந்த விவரமெல்லாம் பிறகுதான் தெரிந்தது. ஆனால் குழுவில் வந்த அந்த ஒரு வரியைப் படித்த நிமிஷமே, போனது என் வழியாகத்தான் என்று எனக்கு விளங்கிவிட்டது. பிள்ளைகளை அனுப்பிவிட்டு, 'அண்ணா, என்னால்தான்' என்று தட்டச்சு செய்தேன். அனுப்பவில்லை. அதற்குள் குழுவில் பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. வெளியே போனது கடைசிப் பதிப்பு. அதைச் செய்தவர்களைத் தவிர அது இருந்தது இரண்டே பேரிடம். ஒன்று நான். இன்னொன்று பிழை பார்க்கும் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு பெண். படிப்பு முடித்து முதல் வேலை அவளுக்கு.

"அக்காவுக்கு ஃபைல் அனுப்பவே தெரியாதுப்பா, அவங்களா இருக்காது" என்று ஒருவர் எழுதினார். இரண்டு பேர் சிரிக்கிற முகம் போட்டார்கள்.

அந்தப் பெண், "சத்தியமா நான் இல்லைங்க" என்று எழுதினாள். கொஞ்ச நேரத்தில் அவளைக் குழுவிலிருந்து நீக்கிய அறிவிப்பு வந்தது.

நான் எழுதி வைத்திருந்ததை ஒவ்வொரு எழுத்தாக அழித்தேன். பிறகு சொல்லிக்கொள்ளலாம், அண்ணனிடம் தனியாகச் சொல்லலாம், கோபம் ஆறட்டும் என்றெல்லாம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மை என்னவென்றால், என்னைப் பெரிய மனுஷியாக நினைத்து மரியாதையாக 'அக்கா' என்று கூப்பிடுகிறவர்கள் முன்னால் அசிங்கப்பட எனக்குத் துணிச்சல் இல்லை.

ஆனால் தோழியைத் திட்ட மட்டும் துணிச்சல் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிட்டு வாய்க்கு வந்தபடி பேசினேன். "ஒனக்கு அறிவு இருக்காடி? எத்தனை பேரோட ரெண்டு வருஷ ஒழைப்பு தெரியுமா?"

"கேமப் பத்தி எனக்கு என்னடி தெரியும்? நீ எழுதுனதுன்னு பெருமையா போட்டேன்" என்றாள். அழுகிறாள் என்று தெரிந்தது. நான் ஃபோனை வைத்துவிட்டேன்.

மதியத்துக்கு மேல் அண்ணன் குழுவில் ஓர் இணைப்பைப் போட்டார். தமிழில் கேம் ஆடி வீடியோ போடுகிற ஓர் இளைஞர், ஆயிரக்கணக்கானவர்கள் பார்க்க, எங்கள் கேமை நேரலையில் ஆடிக்கொண்டிருந்தார். திரையின் ஓரத்தில் அவர் முகம், காதில் பெரிய ஹெட்செட். பக்கத்தில் பார்க்கிறவர்கள் எழுதுவது மழையாகக் கொட்டிக்கொண்டிருந்தது.

முடியாத கேம் எப்படி இருக்கும்? படகு தண்ணீரைத் தொடாமல் ஒரு முழம் மேலே மிதந்தது. மழை வீட்டுக்குள்ளும் பெய்தது. ஐஸ்பெட்டி தூக்குகிற ஆள், பெட்டி இல்லாமல் வெறுங்கையைத் தூக்கிக்கொண்டு நடந்தார். அந்த இளைஞர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இதுக்கா மக்களே ஒரு வருஷமா டீசர் விட்டானுங்க?" என்றார். 'காகிதக் கப்பலே இதை விட நல்லா இருக்கும்', 'நம்ம ஊர்ப் பசங்களுக்கு இதெல்லாம் எதுக்கு' என்று எழுதினார்கள். ஒருவர் கதையின் முடிவையே எழுதிவிட்டுப் போனார். அதை மறைத்து வைக்க எவ்வளவு பாடுபட்டிருந்தோம்!

பிறகு அவர் அந்த வீட்டு வாசலுக்கு வந்தார்.

அங்கே நிற்கிற பெண் ஒரு தடவைதான் அந்த வசனத்தைச் சொல்ல வேண்டும். ஏதோ கோளாறு, விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தாள். "சோத்துல தண்ணி ஊத்தி வச்சிருக்கேன், வந்தோன்ன திங்கச் சொல்லுங்க." மூச்சு விட இடமில்லாமல் மறுபடியும். மறுபடியும். "யம்மா தாயே, நிறுத்தும்மா! சோறு ஊசிப் போயிரும்!" என்று அவர் கும்பிட்டார். சிரிக்கிற முகங்கள் திரையை நிறைத்தன. அந்த வசனத்தையே வெட்டி, பாட்டு மாதிரி ஒருவர் உடனே போட்டும்விட்டார்.

நான் ஃபோனைக் கவிழ்த்து வைக்கப் போனேன். அப்போதுதான் அந்தக் கூட்டத்துக்கு நடுவே ஒரு பெயர் கண்ணில் பட்டது. என் தோழியின் வீட்டுக்காரர் பெயர். அவளிடம் கேம் வாங்கிய சொந்தக்காரர்கள் யாரோ இணைப்பை அனுப்பியிருக்க வேண்டும். அவர் ஃபோனில் அவள்தான் எழுதுகிறாள் என்று முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது.

"தம்பி அந்தப் பொம்பளயப் பாத்து சிரிக்காதீங்க."

யாரும் கவனிக்கவில்லை. அவள் அதையே திரும்பவும் போட்டாள். இன்னொரு தடவையும் போட்டாள். நான்காவது தடவை அந்த இளைஞர் பார்த்துவிட்டார். "ஏன் அண்ணே, ஒங்க சொந்தக்காரங்களா?" என்றார் சிரித்துக்கொண்டே.

"நான் அண்ணன் இல்ல தம்பி. அவரு சம்சாரம். அந்தப் பேச்சு நான் பேசுனது."

அவள் வேகமாக எழுதத் தெரியாதவள். ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவே வெகுநேரம் ஆனது. அந்த இடைவெளியில் எத்தனையோ கிண்டல்கள் ஓடின. ஆனாலும் அவள் வரிகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டே இருந்தன.

"எங்க வீட்டுக்காரரப் புடிச்சிட்டுப் போயி நாலு மாசம் அங்கிட்டு வச்சிருந்தாங்க. அப்ப வாசல்ல வாரவுக போறவுக எல்லார்ட்டயும் இதத்தான் சொல்லுவேன். ஒரு தடவ இல்ல. இதே மாதிரிதான். எனக்கு வேற பேச்சு வரல."

இளைஞர் சிரிப்பதை நிறுத்தியிருந்தார். திரையைக் கிட்டத்தில் வந்து படித்தார். கேமில் அந்தப் பெண் இன்னும் சொல்லிக்கொண்டே இருந்தாள்; அவர் சத்தத்தைக் குறைத்தார்.

"இந்த கேம் இன்னும் முடியல தம்பி. என் ஃப்ரெண்டு என்ன நம்பி அனுப்புனா. நாந்தான் தெரியாம எல்லாருக்கும் குடுத்துட்டேன். அவ மேல ஒரு தப்பும் இல்ல. செஞ்ச புள்ளைக மேலயும் தப்பு இல்ல. தயவு செஞ்சு எடுத்துருங்க."

'சும்மா ட்ராமா' என்று ஒருவர் எழுதினார். அதற்குக் கீழேயே, 'நான் கட்டுமாவடி. அக்கா சொல்றது நெசம். எங்க சித்தப்பாவும் அப்படித்தான் இருந்துட்டு வந்தாரு' என்று யாரோ எழுதினார்கள். 'மச்சி, நிறுத்திரு' என்று ஒருவர். 'முடிவைச் சொல்றவனை எல்லாம் தூக்கு' என்று இன்னொருவர். கிண்டல் முழுதாக நின்றுவிடவில்லை. ஆனால் கூட்டம் மெல்லத் திரும்புவதைக் கண்ணால் பார்த்தேன்.

அந்த இளைஞர் ஹெட்செட்டைக் கழற்றினார். "சரிக்கா, இதோட நிறுத்திக்கிறேன். இந்த வீடியோவையும் எடுத்துடுறேன். ரிலீஸ் ஆனதும் வாங்கி முதல்ல இருந்து ஆடுறேன். ஒங்க வீட்டுக்காரர் இப்ப நல்லா இருக்காராக்கா?"

வெகுநேரம் கழித்து அவள் பதில் வந்தது. "பக்கத்துலதான் இருக்காக. வல கட்டுறாக."

நேரலை முடிந்து திரை கறுத்துப்போனது. காலையில்தான் அவளை அவ்வளவு பேசியிருந்தேன். அவள் தன் வாழ்க்கையிலேயே மோசமான நான்கு மாதத்தை முன்பின் தெரியாத ஆயிரம் பேர் நடுவே எடுத்து வைத்து, என் மேல் தப்பில்லை என்று பொய்யும் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். நானோ ஒரே ஒரு ஆளிடம் ஒரு வரி எழுத முடியாமல் இருந்தேன்.

மறுநாள் காலை முதல் வேலையாகப் புதுக்கோட்டைக்கு பஸ் ஏறினேன். மாடி அறையில் அண்ணன் மட்டும் இருந்தார். உட்காராமலேயே எல்லாவற்றையும் சொன்னேன். கையெழுத்துப் போட்டது, அனுப்பியது, சனிக்கிழமை எழுதி அழித்தது வரைக்கும்.

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, "அந்தப் புள்ளைகிட்ட சொல்லிட்டீங்களாம்மா?" என்று மட்டும் கேட்டார்.

"இல்லண்ணா."

"நானும் அத ஒரு வார்த்தை கூப்பிட்டுக் கேக்கல. தூக்கிட்டேன்" என்றார். ஃபோனை எடுத்தார். நான்தான் தடுத்தேன். "நீங்க அப்புறம் பேசுங்கண்ணா. மொதல்ல நான் நேர்ல போய்ட்டு வாரேன்."

அவள் ஊர் சித்தன்னவாசல் போகிற வழியில். பஸ்ஸை விட்டு இறங்கி, சேறும் சகதியுமான பாதையில் விசாரித்துக்கொண்டு போனேன். வீட்டு முன்னால் ஒருவர் பிடுங்கிய கடலைச் செடிகளைக் குவித்து வைத்து ஆய்ந்துகொண்டிருந்தார். அவளுடைய அப்பா. கூட வேலை பார்ப்பவள் என்று சொன்னதும் எழுந்தேவிட்டார்.

"வாங்க, வாங்க. ரெண்டு நாளா ஒடம்பு சரியில்லன்னு படுத்தே கெடக்குது. பாக்க வந்தீங்களா? ஒங்க ஆபீஸ்ல எல்லாரும் நல்ல மனுசங்கன்னு சொல்லிக்கிட்டே இருக்கும்."

வேலை போனதை அவள் வீட்டில் சொல்லவில்லை என்று புரிந்தது.

உள்ளே போய் அவளிடம் சொன்னேன். கதவை ஒட்டிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கண் வீங்கியிருந்தது. நான் சொல்லி முடித்ததும் வாசல் பக்கம் பார்த்துவிட்டு, அப்பாவுக்குக் கேட்காத குரலில் சொன்னாள்.

"ஒரு மெசேஜ் போட்டிருந்தா போதும்ல அக்கா. சனிக்கிழமையே. ரெண்டு நாளா எனக்குச் சோறு எறங்கல."

'பரவாயில்லை அக்கா' என்று அவள் சொல்லவில்லை. சொல்லாததுதான் நியாயம். நான் மன்னிப்புக் கேட்டேன். அவள் எழுந்து, அலமாரியிலிருந்து ஒரு நோட்டை எடுத்து வந்து என் மடியில் வைத்தாள்.

திறந்து பார்த்தேன். நேற்றைய நேரலையை முழுதாகப் பார்த்திருக்கிறாள். படகு மிதந்தது, வீட்டுக்குள் மழை, வெறுங்கையோடு நடந்த ஆள் என்று அத்தனை பேர் சிரித்த ஒவ்வொன்றையும், எந்த இடத்தில், என்ன செய்தபோது என்று குறித்து வைத்திருந்தாள். மூன்று பக்கம்.

"வேலையிலிருந்து தூக்கிட்டாங்க. அப்புறமும் எதுக்கும்மா இதெல்லாம்?" என்று கேட்டேன்.

"தெரியலக்கா. சிரிக்கிறவங்க பிழையத்தான காட்டுறாங்க. நமக்கு அத்தன கண்ணு இல்லல்ல? எழுதாம இருக்க முடியல" என்றாள்.

மூன்றாம் பக்கத்தில், வாசலில் நிற்கிற பெண்ணின் வசனத்துக்கு எதிரே மட்டும் ஒரு கேள்விக்குறி. 'சரி செய்ய வேண்டுமா?' என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தாள்.

அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை. அவள் முன்னாலேயே அழுதுவிட்டேன். அவளும் அழுதாள். என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்த அவளுடைய அப்பா, "ஒடம்புக்கு ஒண்ணும் இல்லங்க, மழைக் காச்சல்தான்" என்று எனக்குத் தைரியம் சொன்னார். கிளம்பும்போது ஒரு பை நிறையப் பச்சைக் கடலையைக் கட்டிக் கொடுத்தார். வாங்கும்போது கை கூசியது. அன்று சாயங்காலமே அண்ணன் அவளைக் கூப்பிட்டுப் பேசி, மறுபடி வேலைக்கு வரச் சொன்னார். நடந்ததைக் குழுவில் எல்லோருக்கும் நானே எழுதினேன். முதலில் சனிக்கிழமை எழுதி அழித்த அந்த ஒரு வரி. அப்புறம் முழுக் கதையும்.

அடுத்த நாள் ஜெகதாப்பட்டினம் போனேன். தோழி மீன் கழுவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்காமல், "வா. கோவம் போச்சா?" என்றாள். கோபப்பட வேண்டியவள் கேட்கிற கேள்வியா அது?

"யாருக்கும் குடுக்காதன்னு நான் ஒங்கிட்ட சொல்லவே இல்லடி. தப்பு என்னோடது. நீ ஏன்டி ஒம்மேல போட்டுக்கிட்ட?"

"நீ சொல்லல, நாங் கேக்கல. ரெண்டு பேருந்தான்" என்றாள். "ஆனா ஒனக்கு வேலை போயிரும்ல. எனக்கு என்ன போகப் போகுது?" பிறகு கையைக் கழுவிக்கொண்டே, "அந்தத் தம்பி நல்ல தம்பிடி. இவரு எப்படி இருக்காருன்னு கேட்டுச்சு பாரு" என்றாள்.

வெளியே போன பதிப்பை முழுதாகத் திரும்பப் பிடிக்க முடியவில்லை. பல நாள் அங்கேயும் இங்கேயும் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. முடிவு தெரிந்துவிட்டதால் அண்ணன் கடைசிப் பகுதியையே மாற்றினார். நோட்டில் இருந்த பிழைகளை எல்லாம் அந்தப் பெண்ணே முன்னின்று சரிபார்த்தாள். வாசலில் நிற்பவள் மட்டும், அந்தப் பக்கம் எத்தனை தடவை கடந்து போனாலும் அத்தனை தடவையும் அதையே சொல்வாள் என்று வைத்துக்கொண்டோம். சில மாதம் கழித்து கேம் வெளிவந்தது. பெரிய வெற்றி என்று சொல்ல முடியாது. ஆடியவர்கள் நல்லபடியாகச் சொன்னார்கள். அந்த இளைஞர் சொன்ன சொல் மாறாமல் வாங்கி ஆடினார். அந்த வாசலுக்கு வந்தபோது படகுப் பக்கம் திரும்பாமல் கொஞ்ச நேரம் நின்றார். "சொல்லிடுறேன்க்கா" என்றார், அவளைப் பார்த்து. அன்று யாரும் சிரிக்கவில்லை.

அண்ணனிடம் வேலை இன்னும் தொடர்கிறது. அந்தப் பெண் இப்போது என்னிடம் நன்றாகப் பேசுகிறாள். ஆனாலும் ஏதாவது ஒரு ஃபைலை எனக்கு அனுப்பும்போது, "அக்கா, இது நமக்குள்ள" என்று ஒரு வரி சேர்த்தே அனுப்புவாள். அதைப் படிக்கிறபோதெல்லாம் முள் குத்துகிற மாதிரி இருக்கும். அந்த வலி எனக்கு வேண்டியதுதான் என்று ஏற்றுக்கொண்டேன். தவறு செய்தது ஒரு நிமிஷம். அதைச் சொல்லாமல் மறைத்த இரண்டு நாளில்தான் நான் எப்படிப்பட்டவள் என்று எனக்கே தெரிந்தது. என் தவறைத் தன் தவறென்று ஊரறியச் சொல்ல ஒருத்தி எனக்கு இருக்கிறாள் என்பதை நினைத்துக்கொண்டால், இன்றைக்கும் எந்த உண்மையைச் சொல்லவும் எனக்கு வாய் தானாகத் திறந்துவிடுகிறது.